கூம்பு நத்தை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உவரிக் கடற்கரையில் என் மகன் பொறுக்கிய கூம்புச் சங்கின் படத்தை அனுப்பியுள்ளேன். விஷம் உண்டா? (திசையன்விளை)

வாய்ப்பிளவு தெரியாத படம். உள்ளே உயிர் இருந்ததா என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? வெற்று ஓட்டில் விஷமில்லை. உயிருள்ள கூம்பு நத்தை எதுவாயினும் விஷமுள்ளதே.

ஊர்ந்து செல்லும் நத்தை மீனை எப்படிப் பிடிக்கிறது? (வள்ளியூர்)

விரட்டிப் பிடிப்பதில்லை. ஜியோகிராபஸ் இனம் தண்ணீரில் இன்சுலினைக் கலந்து மீனை மயக்குகிறது. வலைபோல் விரிந்த வாயால் மூடிக்கொண்டு பிறகு கொட்டுகிறது. எல்லா இனமும் மீன் தின்பதில்லை. புழு தின்பவையே மிகுதி.

அகன்ற பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் கொட்டாது என்கிறார்களே? (இடிந்தகரை)

இந்தப் பேச்சை ஒழிக்க 20 ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கொட்டும் உறுப்பான துதிக்கை குறுகிய முனையில்தான் வெளிவரும், உண்மை. ஆனால் அது நீண்டு வளைந்து ஓட்டின் பின்பக்கத்தையும் எட்டிவிடும். நுனியில் உள்ள பல், தூண்டில் முள்ளையும் ஊசியையும் ஒன்றாக்கியது போன்றது. துணியையும் மெல்லிய கையுறையையும் துளைக்கும். பிடிப்பதற்குப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது.

கடையில் பளபளக்கும் ஓட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். உயிரோடு இருக்கையில் அதன்மேல் பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். கோலமெல்லாம் மங்கி, பாசி பிடித்த கல் போலத்தான் தெரியும். குறுகிய முனையில் சிறு குழல் ஒன்று நீண்டு, தண்ணீரை முகர்ந்துகொண்டிருக்கும். கண்டால் விலகிச் செல்லுங்கள். கையில் எடுக்காதீர்கள், மடியிலோ சட்டைப்பையிலோ போடவே போடாதீர்கள். உலகில் பதிவான சாவுகள் ஏறத்தாழ 30, பெரும்பாலானவை ஜியோகிராபஸால்.

கொட்டிவிட்டால் பாம்புக்கடி ஊசி உதவுமா? (கூட்டப்புளி)

உதவாது. இதற்கு முறிமருந்தே இல்லை. கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கொட்டிய கையை அகன்ற துணியால் அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று காத்திராதீர்கள். மூச்சுத் தசைகள் செயலிழப்பதுதான் ஆளைக் கொல்கிறது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்க வைக்கலாம்.

இந்த விஷத்தில் மருந்து செய்கிறார்களாமே? (பாளையங்கோட்டை)

ஆம். மேகஸ் என்ற இனத்தின் விஷத்தைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கிய சிக்கோனோடைடுக்கு 2004-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. தீராத கடும் வலிக்கு, முதுகுத்தண்டு நீரில் செலுத்துவார்கள். மார்பின் என்ற வலிமருந்தைப்போல அடிமையாக்காது.

மீன்தொட்டியில் வளர்க்கலாமா? (நாங்குநேரி)

கூடாது. தொட்டியைக் கழுவும்போது கையைத்தானே உள்ளே விடுவீர்கள்?