பழைய தந்திகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரே ஒரு தந்தியால் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஜிம்மர்மன் தந்தியைச் சொல்கிறீர்கள். "ஒரே ஒரு" என்பது கொஞ்சம் மிகை. 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது இந்தத் தந்தி.

ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் ஜிம்மர்மன், வாஷிங்டனில் இருந்த தூதரகம் வழியாக மெக்சிகோவில் இருந்த ஜெர்மன் தூதருக்கு ஜனவரி 16 அன்று அனுப்பியது. அமெரிக்கா போருக்கு வந்தால் மெக்சிகோ எங்களோடு சேரட்டும். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்றையும் மீட்டுக்கொள்ளட்டும் என்பது சாரம். தந்தி முழுக்க எண்கள்தான், சொல்லுக்குப் பதில் எண். மெக்சிகோவுக்குப் போன நகலில் ஒரு வேடிக்கை உண்டு. குறியீட்டுப் புத்தகத்தில் அரிசோனாவுக்கு எண்ணே இல்லை. பெயரை நான்கு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஓர் எண் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அது பிரிட்டன் கையில் எப்படிச் சிக்கியது?

பதில்: தந்தியைவிடச் சுவாரசியமான கதை இதுதான். போர் தொடங்கியதுமே ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை பிரிட்டன் அறுத்துவிட்டது. சமாதானப் பேச்சுக்கு உதவட்டுமே என்று அமெரிக்கா தன் தூதரகக் கம்பியை ஜெர்மனிக்கு இரவல் கொடுத்தது. ஆக, அமெரிக்காவுக்கு எதிரான திட்டம் அமெரிக்காவின் கம்பியிலேயே போனது! அந்தக் கம்பியோ லண்டன் வழியாகப் போவது. பிரிட்டிஷ் கடற்படையின் குறியீடு உடைக்கும் பிரிவான 'அறை 40' ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

பிரிட்டனால் இதை வெளியே சொல்லவும் முடியாது. எங்கள் கம்பியில் உனக்கென்ன வேலை என்று அமெரிக்கா கேட்கும்; ஜெர்மனி குறியீட்டையே மாற்றிவிடும். அதனால் அதே செய்தி வாஷிங்டனிலிருந்து மெக்சிகோவுக்குச் சாதாரண வணிகத் தந்தியாகப் போன நகலை மெக்சிகோவில் ரகசியமாக வாங்கினார்கள். தேதியும் முகப்பும் வேறு. செய்தி மெக்சிகோவில்தான் கசிந்தது என்று ஜெர்மனி நம்ப அதுவே போதுமானதாக இருந்தது.

பிரிட்டன் அதை அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியானபோது பலர் போலி என்றார்கள். மார்ச் 3 அன்று ஜிம்மர்மனே நான் அனுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். மறுத்திருந்தால் நம்புவதற்கு ஆள் இருந்தார்கள். மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரை அறிவித்தது.

கேள்வி: பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் ஒரு தந்தியைத் திருத்திப் போரை மூட்டினாராமே?

பதில்: எம்ஸ் தந்தி, 1870 ஜூலை 13. அன்றைய ஜெர்மன் நாடுகளில் பெரியதான பிரஷ்யாவின் அரசர் வில்ஹெல்ம் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்தார். உங்கள் குடும்பத்தார் யாரும் இனி ஒருபோதும் ஸ்பெயின் அரியணையைக் கேட்கக் கூடாது, உறுதி கொடுங்கள் என்று பிரெஞ்சுத் தூதர் நெருக்கினார். அரசர் மறுத்தார். அந்தத் தகவல் பிஸ்மார்க்குக்குத் தந்தியாக வந்தது. அவர் புதிதாக எதையும் புனையவில்லை, வெட்டினார், அவ்வளவுதான். வெட்டியபின் படித்தால், அரசர் தூதரை முகத்தில் அடித்தாற்போல் விரட்டிவிட்டார் என்று தோன்றும். அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஜூலை 19 அன்று பிரான்ஸ் போரை அறிவித்தது. பிரான்ஸில் போர் வெறி முன்பே ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாமதமாகப் போய்ச் சேர்ந்த தந்திகள்?

பதில்: 1941 டிசம்பர் 7. ஜப்பான் ஏதோ செய்யப்போகிறது, உஷாராக இருங்கள் என்று வாஷிங்டனிலிருந்து அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் ஹவாய்க்கு எச்சரிக்கை எழுதினார். ராணுவ ரேடியோ அன்று காலை ஹவாயை எட்டவில்லை. செய்தி வணிகத் தந்தியாகப் போனது. அவசரம் என்ற குறிப்பும் இல்லை. ஹொனலூலு அலுவலகத்துக்கு வந்தபோது உள்ளூர் நேரம் காலை 7.33. அடுத்த அரை மணிக்குள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. தந்தியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவர் ஜப்பானிய வம்சாவளி இளைஞர். தாக்குதலின் நடுவே வழியெல்லாம் சோதனைகளைக் கடந்து ராணுவ முகாமில் கொடுக்கும்போது மதியத்தை நெருங்கிவிட்டது. அப்புறம் அதைக் குறியீடு நீக்கிப் படிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: தந்தியால் பிடிபட்ட முதல் கொலைகாரன் யார்?

பதில்: பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜான் டாவெல். 1845 ஜனவரி 1 அன்று இங்கிலாந்தின் ஸ்லவ் அருகே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு லண்டன் ரயிலில் ஏறினார். ரயிலை முந்திக்கொண்டு பேடிங்டன் நிலையத்துக்குத் தந்தி போனது: குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) உடையில், நீண்ட பழுப்புக் கோட்டில் ஒருவர் வருகிறார். ஆங்கிலத்தில் குவேக்கர் என்ற சொல் தொடங்குவது 'க்யூ' எழுத்தில்; அன்றைய ஊசித் தந்திக் கருவியில் அந்த எழுத்தே கிடையாது. 'கே', 'டபிள்யூ' என்று தொடங்கி அனுப்ப, வாங்கியவருக்கு முதலில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனாலும் ஆளைப் பின்தொடர்ந்து, மறுநாள் பிடித்துவிட்டார்கள்.

கேள்வி: ரைட் சகோதரர்களின் தந்தியில் பிழை இருக்கிறதாமே?

பதில்: இரண்டு. 1903 டிசம்பர் 17, முதல் விமானப் பறத்தல் பற்றி அமெரிக்காவின் கிட்டி ஹாக்கிலிருந்து அப்பாவுக்கு அனுப்பியது. நீண்ட பறத்தல் 59 விநாடி, தந்தியில் 57. ஆர்வில் என்ற பெயரின் எழுத்துகளும் தாறுமாறு. பல கை மாறி வந்தால் இப்படித்தான்.

கேள்வி: "படங்களை நீங்கள் கொடுங்கள், போரை நான் கொடுக்கிறேன்" என்று பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் கியூபாவில் இருந்த தன் ஓவியருக்கு அடித்த தந்தி? தன் நாவல் எப்படி விற்கிறது என்று கேட்க விக்டர் ஹியூகோ பதிப்பாளருக்கு அடித்த வெறும் கேள்விக்குறித் தந்தி?

பதில்: முதலாவதைப் பரப்பியது ஜேம்ஸ் கிரீல்மன் 1901இல் எழுதிய புத்தகம். தந்தி யாருக்கும் கிடைக்கவில்லை, ஹர்ஸ்ட் மறுத்தார். அப்போது கியூபாவை ஆண்டது ஸ்பெயின்; அதன் தணிக்கை வேறு. இப்படியொரு வரியை அவர்கள் விட்டிருப்பார்களா? இரண்டாவது நல்ல கதை, அவ்வளவுதான். ஆஸ்கர் வைல்டு பெயரிலும் அதே கதை உலவுகிறது.