கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் பள்ளிகளின் வரலாறு என்ன? அங்கே படித்தவர்கள் சொல்லுங்களேன்

நான் அப்படியொரு பள்ளியில்தான் படித்தேன். என் அம்மாவும் அங்கேதான். முழுப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. 'சிஸ்டர் ஸ்கூல்' என்றால் போதும், பஸ்ஸை வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

திருச்சபைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலத்தகிரி, கோவிலூர் என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் இங்கே உண்டு. 1930-ல் சேலம் மறைமாவட்டம், அதாவது ஒரு பிஷப்பின் கீழ் வரும் திருச்சபைப் பகுதி, அமைந்தது. அதிலிருந்து 1997-ல் தர்மபுரி தனியாகப் பிரிந்தது. கிருஷ்ணகிரியும் தர்மபுரி மறைமாவட்டத்தில்தான் வருகிறது.

ஆனால் என்னைக் கேட்டால், பள்ளியின் உண்மையான வரலாறு அதன் விடுதிதான். அம்மா காலத்தில் எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க ஏழு மைல் போக வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை யார் அவ்வளவு தூரம் தனியாக நடக்க விடுவார்கள்? விடுதி இருந்ததால்தான் தாத்தா சம்மதித்தார். அம்மா கொண்டுபோன தகரப்பெட்டி இன்னும் எங்கள் பரண்மேல் இருக்கிறது. மூடியில் வெள்ளை பெயிண்டில் அவர் பெயர், பக்கத்தில் 42 என்ற எண். விடுதிக் கட்டணத்துக்குக் காசு குறைந்த மாதங்களில் தாத்தா கேழ்வரகு மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவாராம்.

ஒன்பதாவது முடித்த கோடை விடுமுறையில் அம்மாவுக்குச் சம்பந்தம் பேசிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்தும் பெண் வரவில்லை என்றதும் இரண்டு சிஸ்டர்கள் பஸ் பிடித்து ஊருக்கே வந்துவிட்டார்கள். "நல்ல இடம் வந்திருக்கு, சிஸ்டர்" என்றார் தாத்தா. "இருக்கட்டும் ஐயா. இன்னும் ரெண்டே வருஷம், எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிடட்டும்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் தகரப்பெட்டி பஸ் ஏறியது. அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. பிளஸ் டூ 1978-ல்தான் வந்தது, அப்புறம்தான் எங்கள் பள்ளி மேல்நிலைப்பள்ளி ஆனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கான்வென்ட் என்றதும் ஆங்கில வழி, கொழுத்த கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுடையது தமிழ் வழியில் நடக்கும் அரசு உதவிபெறும் பள்ளி. நிர்வாகம் கன்னியர்களிடம், ஆசிரியர் சம்பளம் அரசிடம். என் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் மாந்தோப்பிலும் கல்குவாரியிலும் வேலை செய்பவர்களின் பெண்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசியவர்கள்.

2011 கணக்கெடுப்பில்கூட தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம்தான், தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அதற்கும் நாற்பது வருஷம் முன்னால், ஒரு பெண்ணுக்காக அந்த சிஸ்டர்கள் ஏன் திண்ணையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

போன வருஷம் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். அம்மாவின் பெயருக்கு நேரே, பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் தாத்தாவின் கைநாட்டு, மை கொஞ்சம் பரவியிருந்தது. என் பெயருக்கு நேரே அம்மாவின் கையெழுத்து.