சுவருக்குச் சாயம் பூசினால் பிள்ளைகள் வருவார்களா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டப் பட்டணத்தின் அரசு கிளினிக் ஆலோசனைக் குழுவில் இவ்வாண்டு நானும் உறுப்பினர். பதின்ம வயதுப் பிள்ளைகள் கிளினிக் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஓர் அறைக்கு வண்ணம் பூசி, சோபா போட்டு ‘இளைஞர் மூலை’ அமைக்கலாம் என்று குழுவில் பேச்சு. பலன் இருக்குமா?
– வாசகி, பேராக்

பதில்: சோபாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பதிவு முகப்பைக் கவனியுங்கள். வரிசையில் பின்னால் நிற்பது பக்கத்து லயத்து அக்கா. “என்னம்மா உடம்புக்கு?” என்று முகப்பில் உரக்கக் கேட்டால், மாதவிடாய் தள்ளிப்போன 16 வயதுப் பெண் “காய்ச்சல்” என்றுதான் சொல்வாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவள் மறுபடி வரமாட்டாள்.

ஒரு நாள் வாசலிலிருந்து மருந்து முகப்பு வரை நோயாளி போகும் வழியே நடந்து பாருங்கள். பெயரும் நோயும் எத்தனை இடத்தில் பிறர் காதில் விழுகின்றன என்று எண்ணுங்கள். பிஎஸ்எஸ்கே எனும் உடல்நலக் கேள்விப் பாரத்தை எங்கே நிரப்பச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அம்மாவின் தோளோடு தோள் உட்கார்ந்து நிரப்பும் பிள்ளை, புகையோ மனச்சோர்வோ எதைக் கேட்டாலும் ‘தீடாக்’ (இல்லை) என்றே கோடு போடும். தனி மேசை ஒன்று, மடித்துப் போட ஒரு பெட்டி. இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது நேரம். காலையில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை கேளுங்கள். முதல் சந்திப்புக்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஆக நான்கு பேர். தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு நாளை முடிவுசெய்யுங்கள். கதவில் ‘இளைஞர் சிகிச்சை’ என்று பலகை மாட்ட வேண்டாம். அந்தக் கதவைத் திறப்பவர் யார் என்று ஊரே பார்க்கும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே எண் சீட்டு போதும். அடுத்த சந்திப்பை நினைவூட்ட அம்மாவின் கைப்பேசிக்கு அழைப்பது பலர் செய்யும் தவறு. பிள்ளையின் எண்ணையே வாங்கச் சொல்லுங்கள்.

பயிற்சி பெற்ற தாதி ஒருவரே இருந்தால், அவர் மாற்றலாகிப் போகும் அன்றே சேவையும் நின்றுபோகும். இரண்டு பேருக்குப் பயிற்சி கேளுங்கள்.

குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இடம்தான் உண்டு. ஆளும் பணமும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கையில். அதனால் “இளைஞர்களைக் கவர வேண்டும்” என்று கூட்டக் குறிப்பில் எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். கூடவே மூன்று மாதப் பதிவேட்டிலிருந்து 10–14, 15–19 வயதினரின் எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், ஆண் பெண் பிரித்து வாங்கி இணையுங்கள். ஐ.சி. (அடையாள அட்டை) இல்லாமல் வந்த பிள்ளைக்கு முகப்பில் என்ன பதில் கிடைத்தது என்றும் கேளுங்கள். தோட்டப்புறத்தில் இதை விட்டுவிடவே கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட எட்டுத் தர நெறிகளில் கட்டட வசதி ஒன்றில்தான் வருகிறது. இளைஞர்கள் திட்டமிடலில் பங்கெடுப்பது தனியாகவே ஒரு நெறி. ஆகவே ஆறேழு பிள்ளைகளை, ஆண்கள் தனி, பெண்கள் தனியாக, கிளினிக்குக்கு வெளியே உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்பவர் உங்கள் தோட்டத்துக்காரராக இருக்கவேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். எனக்குத் தெரியாமல் சிகிச்சை கொடுப்பார்களா?
– ஒரு தாய், கெடா

பதில்: 18 வயதுக்குக் கீழ் சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். டாக்டர் தனியே பேச நினைத்தது வீடு, பள்ளி, நண்பர்கள், போதைப்பொருள், மனநிலை பற்றி. உங்கள் முன்னால் அவன் வாய் திறக்கமாட்டான், அம்மா. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களிடம் சொல்வார்கள். கொடுமைக்கு ஆளாகியிருக்கிறான் என்று சந்தேகம் வந்தால், மலேசியாவின் 2001 சிறார் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி டாக்டர் அதைப் புகார்செய்தே ஆகவேண்டும். இந்த எல்லைகளைப் பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் முறை. வீடு திரும்பும் வழியில் “என்ன கேட்டாங்க?” என்று துருவாதீர்கள், அவனாகச் சொல்லட்டும்.