பேட்டரி ஏறவில்லையா? முதலில் மீட்டரை எடுங்கள்

காசிமேட்டில் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்) பழுது பார்க்கும் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் இருப்பது 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. வாங்கும்போதே பழையது. நாலு நாள் தொழிலுக்குப் போய் வந்தால் ஐந்தாம் நாள் செல்ஃப் அடிக்காது, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அருமையாக ஓடுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போது காயில் போய்விட்டது, ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். கழற்றலாமா?
வாசகர், நொச்சிக்குப்பம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. மோட்டார் உச்சியில் சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல், அதைக் கழற்றுவது கடைசி வேலை. உங்கள் கடிதத்தில் மீட்டர் வைத்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அளந்து பார்க்காமல் பேட்டரி மாற்றச் சொல்வதும், அளந்து பார்க்காமல் காயில் மாற்றச் சொல்வதும் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தக் காசு மீன் விற்று வந்த காசு.

மோட்டார் நன்றாக ஓடுகிறதே என்று குழம்ப வேண்டாம். ஃப்ளைவீலில் உள்ள காந்தம் சுற்றும்போது மின்சாரம் தரும் செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். ஃப்ளைவீலுக்கு அடியில் ஸ்பார்க்குக்கு ஒரு காயில், பேட்டரிக்கு ஒரு காயில் என்று தனித்தனியாக இருக்கும். பேட்டரி பக்கம் முழுவதும் செத்துக் கிடந்தாலும் ஸ்பார்க் வரும், மோட்டார் ஓடும்.

ரிச்சி தெருவில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) பார்க்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். முதலில் பேட்டரி. கரையில் சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றி, வயரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா வையுங்கள். அப்புறம் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே என்றால் காலி. ஆசிட் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். நன்றாக ஏறிய செல் 1.265 பக்கம் காட்டும். ஐந்து செல் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அந்த பேட்டரியை எந்த மோட்டாராலும் ஏற்ற முடியாது.

பேட்டரி சரி என்றால் மோட்டாரை ஓட்டி அளக்க வேண்டும். தண்ணீரில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், படகிலோ பெரிய டிரம்மிலோ. கரையில் வறட்டு ஓட்டம் ஓட்டினால் வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். ஐடிலில் அளந்து முடிவு கட்டாதீர்கள், பழைய மோட்டார்களில் ஐடிலில் சார்ஜ் அனேகமாக வராது. 2000 ஆர்.பி.எம். பக்கம் கொண்டுபோய் பேட்டரியின் ஈய முனையிலேயே மீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை நின்றால் சார்ஜ் ஆகிறது, கோளாறு வேறு பக்கம். ஓடுவதற்கு முன்னால் இருந்த அதே 12.3-இலேயே அசையாமல் நின்றால் சார்ஜ் வரவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் காயிலுக்குத் தாவுகிறார்கள். நடுவில் இருக்கும் வயரை யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் மோட்டார்களில் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். உப்புக் காற்று செம்பை வெளியிலிருந்து மட்டும் தின்பதில்லை, ரப்பர் உறைக்கு உள்ளேயே நுழைந்து போகும். மேலே பார்த்தால் சிவப்பு வயர் புத்தம் புதிதாக இருக்கும். வயர் முனையில் இருக்கும் லக்கிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி வெட்டிப் பாருங்கள், செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். ஃப்யூஸும் அப்படித்தான். கம்பி அறுந்திருக்காது, அதைப் பிடிக்கும் கிளிப் பச்சை பூத்திருக்கும்.

வெட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோட்டார் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் வெறும் அலுமினியத்திலும் வையுங்கள், பெயின்ட் மேல் வேண்டாம். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. காயிலின் ஏ.சி. மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றுவது ரெக்டிஃபையர். பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்த ரெக்டிஃபையரிலிருந்து வரும் சிவப்பு வயருக்கும் இடையிலும் இதே மாதிரி பாருங்கள். அங்கே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் காட்டினால் உங்கள் சார்ஜ் வழியிலேயே தொலைகிறது, பேட்டரி மேல் குற்றமில்லை. சார்ஜ் சுத்தமாக வராவிட்டால் இந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. அப்போது மோட்டாரை நிறுத்திவிட்டு அந்தச் சிவப்பு வயரின் முனையில் பேட்டரி வோல்ட் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃப்யூஸோ வயரோ கட்.

பேட்டரி முனையில் காது வைத்த நட்டு போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அலை அடிப்பில் அது தளரும். நைலான் உள்ள லாக் நட்டு போட்டு ஸ்பேனரால் முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், முடுக்குவதற்கு முன்னால் அல்ல.

வயர் எல்லாம் சரியென்றால் ரெக்டிஃபையர். மோட்டாரை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, ரெக்டிஃபையரின் வயர்களையும் பிரித்துவிட்டு டயோடு முறையில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 வரை காட்டி, முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டாமல் இருப்பது நல்ல டயோடு. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை அல்லது இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் போயிற்று. வோல்ட் எகிறாமல் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்த யூனிட்டாக இருந்தால் இந்தச் சோதனை பாதி உண்மைதான் சொல்லும்.

கடைசியாகக் காயில். பல யமஹா மோட்டார்களில் அதன் வயர் இரண்டும் பச்சை. மெர்குரியிலும் பழைய ஜான்சன், எவின்ரூடிலும் மஞ்சள் குடும்பம். இரண்டையும் கழற்றி இடையில் ஓம்ஸ் பாருங்கள். மிகக் குறைவாக, அனேகமாக ஒன்று, ஒன்றரை ஓமுக்குள் இருக்கும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. மீட்டர் வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், முனைகளை ஒட்டிப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையில் பாருங்கள். பெரும்பாலான மோட்டார்களில் தொடர்பே இருக்கக் கூடாது. இந்த இரண்டிலும் தவறினால்தான் ஃப்ளைவீல் கழற்ற வேண்டும். அதையும் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் ஓடும்போது ஸ்பார்க் பக்கத்து வயர்களில் சில நூறு வோல்ட் ஓடுகிறது. ஈரக் கையோடு அங்கே போகவே கூடாது.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. பேட்டரி கொதிக்கிறது, வாரத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். போன மாதம் ஜி.பி.எஸ். எரிந்துவிட்டது.
வாசகர், எண்ணூர்

பதில்: ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள், அனேகமாகத் தாண்டும். பழைய சிறிய மோட்டார்கள் பலவற்றில் ரெக்டிஃபையர் மட்டும்தான், ரெகுலேட்டர் கிடையாது. அந்தக் காலத்தில் படகில் ஒரு லைட் எரியும், அதற்கு இது போதும். ஆசிட் பேட்டரி மிச்சத்தைக் கொதித்துத் தாங்கிக்கொள்ளும். இன்று அதிலேயே ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் மாட்டுகிறோம், அவை தாங்காது. உங்கள் மோட்டாருக்கு ஏற்ற ரெகுலேட்டர் போடுங்கள். அதுவரை சீல் செய்த பேட்டரியோ லித்தியம் பேட்டரியோ இதில் மாட்டவே மாட்டாதீர்கள். லித்தியம் என்றால் நெருப்பு அபாயம். ரெகுலேட்டர் ஏற்கெனவே இருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரி முனை தளர்ந்து விட்டு விட்டுத் தொட்டாலும் வோல்ட் எகிறும், அதையும் பாருங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் பைக் ரெக்டிஃபையர் மலிவாகக் கிடைக்கிறதே, போடலாமா?
வாசகர், ராயபுரம்

பதில்: கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. பல பைக்குகளில் காயிலின் ஒரு முனை எர்த்தோடு சேர்ந்திருக்கும், உங்கள் மோட்டாரில் பெரும்பாலும் இரண்டு முனையும் தனி. அதற்கான யூனிட் இதற்கு ஒத்துவராது. மோட்டாரில் கம்பெனியே வெறும் ரெக்டிஃபையர்தான் வைத்திருந்தது, காயில் இரண்டு வயர்தான் என்றால் ரிச்சி தெருவில் கே.பி.பி.சி. 3510 என்று பிரிட்ஜ் ரெக்டிஃபையர் கேளுங்கள். 35 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும், விலையும் குறைவு. நாலு முனை இருக்கும். அலைக்குறி போட்ட இரண்டிலும் காயில், பிளஸ்ஸில் பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயர். பழைய ரெக்டிஃபையர் பலவற்றுக்கு உடம்பே எர்த். இதற்கு அப்படி இல்லை. மைனஸிலிருந்து மோட்டார் உடம்புக்குத் தனி வயர் போடாவிட்டால் சார்ஜ் வராது. சூடாகும் பொருள், அலுமினியத்தோடு ஒட்டி முடுக்குங்கள்.

கேள்வி: ரெக்டிஃபையர் அடிக்கடி போகிறது. காரணம் என்ன?
வாசகர், பழவேற்காடு

பதில்: மோட்டார் ஓடும்போது யாரோ பேட்டரி சுவிட்சை அணைக்கிறார்கள், அல்லது வயரைக் கழற்றி அடுத்த பேட்டரிக்கு மாற்றுகிறார்கள். பேட்டரி இல்லாமல் ஓடினால் போக இடமில்லாத வோல்ட் ரெக்டிஃபையரைத்தான் அடிக்கும். பிளஸ் மைனஸ் மாற்றி ஒரு தடவை தொட்டாலும் போதும், டயோடு அந்த நொடியே போய்விடும். படகில் வருகிற பையன்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கடலுக்குப் போவது என் கணவரும் மகனும். இரவில் வலை விட்டுக் காத்திருக்கும்போது பேட்டரி இறங்கி வயர்லெஸ் நின்றுவிடுகிறது என்கிறார்கள். பெரிய பேட்டரி வாங்கினால் சரியாகுமா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: வாங்கலாம் அம்மா, ஆனால் அது மட்டும் போதாது. பழைய சிறிய மோட்டார் வேகமாக ஓடும்போதே தருவது 6 ஆம்பியர், மிஞ்சினால் 10. வலை விட்டதும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள், அப்போது வரவு பூஜ்யம். லைட், எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். சேர்ந்து 3 ஆம்பியர் எடுத்தால், 60 ஆம்பியர் மணி பேட்டரியில் நம்பிக்கையாகப் பயன்படுத்தக்கூடிய பாதி பத்து மணி நேரத்தில் தீரும். வி.எச்.எஃப். வயர்லெஸ் கேட்கும்போது அரை ஆம்பியர்தான் எடுக்கும். 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். அதனால் கேட்கும்போது வேலை செய்வது போலிருந்து, பேச பட்டனை அழுத்தியதும் நின்றுபோகும். ஆபத்தில் அழுத்தும்போதும் அதுதான் நடக்கும்.

வயர்லெஸ்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய சீல் செய்த பேட்டரி வைக்கச் சொல்லுங்கள். மோட்டாரோடு அதை இணைக்க வேண்டாம், வீட்டில் சார்ஜ் செய்து கொடுத்தனுப்புங்கள். புறப்படும் முன் கரையிலேயே ஒரு முறை பேசிப் பார்க்கட்டும். ஆபத்துக்கு வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல், கரையில் இருக்கும் உங்களுக்குக் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093. இரண்டையும் போனில் போட்டுவையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அந்த பேட்டரியிலிருந்து லைட்டுக்கு ஒரு வயர் எடுத்துக்கொள்கிறேன் என்று மகன் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.