ஓட்டப் பந்தயப் படிவத்தில் ‘மற்றவை’

வணக்கம் சகோ. உங்கள் ஓட்டப் பந்தயப் பதிவுப் படிவத்தில் பாலினக் கேள்விக்கு ஆண், பெண், மற்றவை என்று போட்டதில் ஒரு திருநங்கை வருத்தப்பட்டார் என்கிறீர்கள். நியாயம்தானே? ‘மற்றவை’ அஃறிணை! ஆளைக் கேட்கும் இடத்தில் பொருளைக் கேட்டமாதிரி ஆகிவிட்டது.

அதைவிட முதலில், பாலினம் உங்களுக்கு எதற்கு? டி-ஷர்ட்டுக்கு என்றால் அளவைக் கேளுங்கள். பரிசுக்கு என்றால் "எந்தப் பிரிவில் ஓடுகிறீர்கள்?" போதும். புள்ளிவிவரத்துக்குத்தான் என்றால் பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, "என் சொல்லில் எழுதுகிறேன்" (பக்கத்தில் காலிக் கட்டம்), "சொல்ல விருப்பமில்லை" என்று வையுங்கள். கட்டாயக் கேள்வி என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கீழே ஒரு வரி.

தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றுவிட்டது, சான்றிதழ் கேட்டுவிடாதீர்கள். அப்புறம், பதில்கள் விழும் ஷீட்டைத் தன்னார்வலர் குழு முழுக்கப் பகிர வேண்டாம்.