கல்லூரி இதழுக்கு எழுதுகிறோம்: லீடு, பைலைன், டேட்லைன் என்றால் என்ன, பக்கத்தை எப்படி அமைப்பது?

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு கடையில் பேப்பர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், பாதியாக மடித்துத்தான் வைத்திருப்பார்கள். கண்ணில் படுவது மேல்பாதி மட்டும், அதனால்தான் பத்திரிகையின் பெயரும் அன்றைய முதன்மைச் செய்தியான லீடும் அங்கே இருக்கின்றன. எழுதியவர் பெயர் பைலைன். "திருநெல்வேலி, டிச. 18:" என்று ஆரம்பத்தில் வருவது டேட்லைன்.

இதையெல்லாம் விட முக்கியம் இன்ட்ரோ, அதாவது முதல் பத்தி. 2023 டிசம்பர் வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "தென் மாவட்டங்களில் பரவலாக மழை பெய்தது" என்று ஆரம்பித்தால் யார் படிப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, அதுதான் முதல் வரி. அடுத்து மக்கள் நிலை, மீட்புப் பணி; பின்னணி எல்லாம் கடைசியில், ஏனென்றால் இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார்.

அப்புறம் பக்கம். பெரிய தாளை மேலிருந்து கீழாக எட்டு காலமாக, அதாவது எட்டு நெடுக்குப் பிரிவுகளாக (column) பிரிப்பது வழக்கம், உங்கள் சின்ன இதழுக்கு நாலு போதும். இரண்டு தலைப்புகளை ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்றாகச் சேர்த்துப் படித்துவிடுவார்கள். படத்துக்குக் கீழே கேப்ஷன் கட்டாயம், பெயர்கள் இடமிருந்து வலமாக, அதையும் ஒருமுறை நேரில் கேட்டுச் சரிபார்த்துவிட்டு.