பூட்டுப் போட்ட மின்னூலைத் தம்பிக்காகத் திறக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எம்.ஏ. வரலாறு படிக்கிறான். அவனுக்காக 480 ரூபாய் கொடுத்து ஒரு மின்னூல் வாங்கினேன். நகலெடுப்பதைத் தடுக்க அதில் மென்பொருள் பூட்டு இருப்பதால், திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பூட்டை எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். இன்னொரு பாடநூலை நானே ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிவிட்டேன். தம்பியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அதைக் கேட்கிறார்கள். வழக்கு ஏதும் வருமா?
— ஒரு அக்கா, மதுரை

பதில்: ஸ்கேன் செய்த புத்தகத்தை முதலில் முடித்துவிடுவோம். தம்பிக்காக அதை மாற்றியது குற்றமே இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல், 2012 திருத்தத்தின்போது 52(1) பிரிவில் 'இசட்பி' (zb) என்று ஓர் உட்பிரிவு சேர்ந்தது. மாற்றுத்திறனாளி படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றிக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்கிறது அது. அமைப்புகள்தான் செய்ய வேண்டும் என்றில்லை, தனிநபரும் செய்யலாம். முதலில் வந்த மசோதாவில் பிரெய்ல் போன்ற சிறப்பு வடிவங்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. பார்வையற்றோர் விடாமல் வாதாடியதால்தான் எந்த வடிவமும் என்று மாறியது. இல்லாவிட்டால் உங்கள் ஸ்கேன் கோப்பு இதற்குள் வந்திருக்காது.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சட்டம் பகிர அனுமதிப்பது மாற்றுத்திறனாளிகளுடன் மட்டும். அதுவும் சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சிக்காக. காசு வாங்கினால் ஆன செலவை மட்டும் வாங்கலாம். வகுப்பில் பார்வையற்ற மாணவர் இன்னும் இருவர் இருந்தால் அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள், தாராளமாக. பார்வையுள்ள நாற்பது பேர் கைக்குப் போனால் அது சாதாரணத் திருட்டுப் பிரதிதான். 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "தம்பிக்காகத்தான் செய்தேன்" என்ற உங்கள் வாதமும் அங்கேயே அடிபட்டுப் போகும்.

இனி பூட்டு. அதே சட்டத்தின் 65ஏ பிரிவைப் படித்துப் பலரும் பயப்படுகிறார்கள். பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதை அதே பிரிவு விலக்கிவைக்கிறது. தம்பி படிப்பதற்காக என்பது அந்த விலக்குக்குள் வரும் என்பதே என் கருத்து.

கவலைப்பட வேண்டியவன் பக்கத்து வீட்டுப் பையன். இன்னொருவருக்காகப் பூட்டை எடுத்துக் கொடுப்பவர், யாருக்காக, எதற்காக என்று பெயர், முகவரியோடு முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும். சின்ன நோட்டு போதும்: தேதி, தம்பி பெயர், முகவரி, நூலின் பெயர், 'பார்வையற்ற மாணவர் படிப்பதற்காக'. மாற்றுத்திறனாளி அட்டையின் நகலையும் பின் பண்ணிவைக்கச் சொல்லுங்கள். அதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இன்னொரு சிக்கல், கடையின் நிபந்தனைகள். நீங்கள் 'சம்மதம்' அழுத்திய அந்த நீளமான பத்திகளில் பூட்டை எடுக்கக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். அதை மீறினால் போலீஸ் வராது. ஆனால் கணக்கை முடக்கினால் வாங்கிய மற்ற நூல்களும் போகும். ஆகவே பூட்டில் கைவைக்கும் முன் பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இந்த நூலை விலை கொடுத்து வாங்கியுள்ளேன், பில் இணைத்துள்ளேன். பார்வையற்ற என் தம்பியின் திரைவாசிப்பானில் திறக்கவில்லை. படிக்கக்கூடிய கோப்பு தர வேண்டுகிறேன்." பதிலே வராவிட்டாலும், உங்கள் நோக்கம் என்ன என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. கூடவே பார்வையற்றோர் படிக்கக்கூடிய நூல்களைக் கொண்ட 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிப்பாளர் கோப்பு அனுப்பினால், நன்றி சொல்லும் முன் தம்பியை ஒரு பக்கம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானோ ஆங்கில எழுத்துகளாக உளறும். அதை நீங்களே, திரைவாசிப்பானுக்குத் தமிழாகவே புரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிக்கொள்ளலாம்; அதற்கும் அதே 'இசட்பி' போதும்.